வாசித்துக் காட்டுபவருக்கே விற்கப்படும்

எனக்கு இருபது சக்களத்திகள். ஒருத்திக்கு வயிற்றில் தகர மூடி. ஒருத்திக்கு நாலே தந்தி. ஒருத்திக்குத் தோளிலிருந்து மூன்றாவதாக ஒரு கை முளைத்து, அந்தக் கையிலும் தந்தி கட்டியிருக்கும். இன்னொருத்திக்கு ஓட்டை முன்னால் இல்லை, விலாவில். இன்னும் ஒருத்தியை ஒரு மரம்வெட்டி தன் மனைவியின் துணி அலமாரியை உடைத்துச் செய்தானாம். அந்த மனைவியைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் கிடார்கள்தான். என் வீட்டுக்காரர் ஆர்விட் சாரெலா வாங்கி வாங்கிச் சுவரில் மாட்டியவை. அதில் சாதாரணக் கிடார் ஒன்றுகூடக் கிடையாது. "கடையில கிடைக்கிறது கடைக்காரன்கிட்ட இருக்கட்டும், நான் எதுக்கு வாங்கணும்?" என்பார். எங்கோ ஒரு பட்டறையில் எவனோ ஒரு கிறுக்கன் ஒரே ஒரு தடவை செய்து பார்த்து, இது சரிப்படாது என்று கை கழுவினதெல்லாம் தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அவர் கவுண்டி ரோடு இலாகாவில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். குளிர்காலமெல்லாம் ரோட்டில் சம்பாதித்து, கோடைகாலமெல்லாம் கிடார் தேடிப் போவார்.

எங்கள் ஊர் சுப்பீரியர் ஏரிக்குப் பக்கத்தில், மிச்சிகனின் வடக்கு மூலையில் இருக்கிறது. அக்டோபரில் ஹீட்டரைப் போட்டால் மே மாதம்தான் அணைப்போம். ஹீட்டர் காற்று வறண்ட காற்று. பழைய மரம் அதில் பிளந்துவிடும். அதனால் கிடார்க்காரர்கள் வீட்டுக்குள் ஈரக்காற்று மெஷின் வைப்பார்கள். தண்ணீர் ஊற்றினால் ஆவியாக ஊதிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் வீட்டுக்கு ஒன்று வைத்தால், ஆர்விட் அறைக்கு ஒன்று வைத்தார். வெளியே பல் கிட்டிப்போகும் குளிர், உள்ளே மழைக்காலம். ஜன்னலின் உட்பக்கம் ஐஸ் பிடிக்கும். சுவரில் ஒட்டிய காகிதம் உரிந்து தொங்கும். நான் ஒட்டுவேன், அது மறுபடி உரியும். "ஏன்யா, கிடாருக்குத் தாகம் எடுக்குதுன்னா எனக்கு ஜலதோஷம் பிடிக்கணுமா?" என்று கரடியாகக் கத்தியிருக்கிறேன். அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "ஏரிப் பக்கம் பொறந்தவ ஈரத்துக்குப் பயப்படலாமா?" என்பார்.

அந்த ஈரம் சுவருக்குள் இறங்கிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. அது எங்களுக்குத் தெரியாது. எனக்கு இருமல் இருந்தது, அது தெரியும். இரண்டு மூன்று குளிர்காலமாக, மாடிப்படி பாதி ஏறினால் நின்று மூச்சு வாங்குவேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். போன வசந்தத்தில் மகள் ஐலா வந்து பார்த்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு டுலூத் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நுரையீரல் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "இது ஆஸ்துமா இல்ல. உங்க வீட்டு ஈரத்துல பூஞ்சை வளருது. உங்க நுரையீரல் அதோட சண்டை போட்டுத் தன்னையே கெடுத்துக்குது. கெட்டுப்போன பாகம் திரும்ப வராது. மிச்சத்தக் காப்பாத்தலாம். அடுத்த குளிர்காலத்துக்குள்ள ஒண்ணு வீடு காயணும், இல்ல நீங்க அந்த வீட்ட விட்டுப் போகணும்."

"நான் ஏன் போகணும்? வந்தவளுங்க போகட்டும்" என்றேன். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்விட்டுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். பெட்டிக்குள் போட்டுப் பூட்டி வைக்கலாம், பெட்டிக்குள்ளேயே ஈரம் வைக்கலாம் என்று ஏதாவது சொல்வார் என்று பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். மூன்று கையும் விலாவில் ஓட்டையும் இருக்கிற இவளுகளுக்கு எவன் அளவெடுத்துப் பெட்டி செய்திருக்கிறான்? ஆனால் அந்தப் பதிலுக்கெல்லாம் வேலையே வரவில்லை. காபியை முழுசாகக் குடித்துவிட்டு, "வித்துடறேன்" என்றார்.

எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவர் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. கிடார்களின் படம், விவரம், விலை எல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: வாசித்துக் காட்டுபவருக்கே விற்கப்படும்.

"இது என்ன விற்பனையா, சுயம்வரமா?" என்று கேட்டேன்.

"சுவத்துல மாட்டி அழகு பாக்கிறவனுக்கு நான் கொடுக்க மாட்டேன், தைமி. இதுங்க அம்பது அறுபது வருஷம் யாரும் தொடாம கெடந்து என்கிட்ட வந்து சேந்துச்சு. மறுபடி அந்தக் கதிக்கு அனுப்பினா நான் மனுஷனே இல்ல."

"நீயும் சுவத்துலதானே மாட்டியிருக்க?"

"மாட்டியிருக்கேன். தினமும் ஒருத்தியையாவது எடுத்து வாசிக்கறேன்ல."

அது உண்மைதான். தினமும் சாயங்காலம் ஒன்றை இறக்கி மடியில் வைத்துக்கொள்வார். முதலில் ஒரே ஒரு தந்தியைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்பார். அந்த நாதம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகும்வரை கேட்பார். எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நல்ல மரம் என்பது அவர் கணக்கு. அதுவரை வீட்டில் யாரும் பேசக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது. நான் இருமலை அடக்கிக்கொண்டு முகம் சிவந்து உட்கார்ந்திருந்த நாளெல்லாம் உண்டு.

கோடையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் காபி போட்டு, ஏலக்காய் ரொட்டி அறுத்து வைப்பேன். ஆர்விட் எதிரே உட்கார்ந்து வாசிக்கச் சொல்வார். எஸ்கனாபாவிலிருந்து தபால் இலாகாவில் இருந்த மாவிஸ் என்று ஒரு அம்மாள் வந்தாள். கைப்பையிலிருந்து வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்து, தகர வயிற்றுக்காரியின் தந்திமேல் வழுக்கி வாசித்தாள். நானே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். ஆர்விட் விலையில் பாதியை அவராகவே குறைத்தார். இன்னொரு நாள் ஒரு பையன் வந்தான், பேச்சு ஏரி அளவு, வாசிப்பு டம்ளர் அளவு. "தம்பி, நீ போய்ட்டு பத்து வருஷம் கழிச்சு வா" என்று அனுப்பிவிட்டார். சிகாகோ வக்கீல் ஒருவர் வாசிக்கவே மாட்டேன், முதலீட்டுக்குத்தான் வாங்குகிறேன் என்றார். அவருக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை.

இப்படிப் பணம் வைத்துக்கொண்டு வாசிக்கத் தெரியாமல் வாங்கி மாட்டுகிறவர்களுக்குக் கிடார்க்காரர்கள் கூட்டத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவன் வக்கீலாக இருந்தாலும் சரி, சிமெண்ட் வியாபாரியாக இருந்தாலும் சரி, அவன் பெயர் 'பல்டாக்டர்'. ஆகஸ்ட் மாதம் ஒருநாள் நிஜமாகவே ஒரு பல்டாக்டர் வந்து நின்றார்.

ஆப்பிள்டன் ஊர்க்காரர், பெயர் லாயிட் வெர்ஹாகன். ஐம்பது வயசிருக்கும், சாதுவான மனுஷன். ஒவ்வொரு கிடார் முன்னாலும் சர்ச்சில் நிற்கிற மாதிரி நின்றார். "இருக்கிறது எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன், மிஸ்டர் சாரெலா. பிரிக்க வேண்டாமே" என்றார். என் வயிற்றில் பால் வார்த்தார். அவர் வீட்டில் ஈரத்துக்கென்றே தனி அறை கட்டியிருக்கிறாராம், அதன் சுவருக்குள் ஈரம் இறங்காமல் பாதுகாப்பு போட்டிருக்கிறாராம். அதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒண்ணு வாசிங்க பாப்போம்" என்றார் ஆர்விட்.

டாக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மூன்று கைக்காரியை மடியில் வைத்துக்கொண்டு எதையோ ஆரம்பித்தார். விரல் தடுக்கியது, நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். நாலாவது தடவை ஆர்விட் எழுந்து போய்க் கிடாரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இங்க ஆடுற பல்லு எதுவும் இல்ல டாக்டர். விட்டுடுங்க."

பாவம், அந்த மனுஷனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. என்னிடம் வந்து, "ரொட்டி ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போன் நம்பரை மட்டும் மேசைமேல் வைத்திருந்தார்.

அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, பக்கத்து வீட்டு நாய்கூட உள்ளே ஓடிவிட்டது. "உனக்கு மனசாட்சி இருக்கா? மொத்தத்தையும் ஒரே நாள்ல எடுத்துக்கறேன்னு ஒருத்தன் வந்தான். அவன அசிங்கப்படுத்தி அனுப்பிட்ட. நான் இங்க மூச்சுக்கு மல்லுக்கட்டறேன், நீ அவளுங்களுக்கு மாப்பிள்ள பாக்கற."

"இன்னும் நாள் இருக்கு, தைமி."

"எனக்கா, கிடாருக்கா?"

அவர் கொட்டகைக்குப் போய்விட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் என்ன பேச? நான் மகளுக்குப் போன் போட்டு அழுதேன். "இங்க வந்துடும்மா" என்றாள் அவள். அவள் இருப்பது ஒரு அறை வீடு. அதுவும் போக, போனால் நான் தோற்ற மாதிரி. சக்களத்திகளிடம் வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனவள் என்று என்னையே நான் திட்டிக்கொள்வேன். போகவில்லை.

செப்டம்பர் முடிந்தபோது சுவரில் பதினாலு மீதி இருந்தன. அக்டோபரில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைய ஆரம்பித்தது. நாங்கள் ஹீட்டரைப் போடவில்லை. போட்டால் மெஷினையும் போட வேண்டும், மெஷினைப் போட்டால் நான் அவ்வளவுதான். ஆர்விட் வேட்டைக்குப் போடும் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கைமேல் ஊதிக்கொண்டு போனுக்குக் காத்திருப்பார். நான் இரண்டு ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டுக்கொண்டு சமைப்பேன். இருவரும் பேசிக்கொள்வது குறைந்துபோயிற்று.

அந்த மாதம் எனக்கு டுலூத்தில் ஊதும் சோதனை இருந்தது. இந்தச் சோதனைகளின்போது ஆர்விட் வழக்கமாக வண்டியிலேயே உட்கார்ந்து ரேடியோ கேட்பார். அன்றைக்குப் பனியும் மழையுமாகக் கலந்து அடித்ததால் உள்ளே வந்தார். சோதனை எடுக்கிற பெண் நல்லவள். "நீங்களும் வாங்க ஐயா, ஒரு ஓரமா உக்காருங்க" என்று சின்ன அறைக்குள் கூப்பிட்டாள்.

மூக்கில் க்ளிப்பை மாட்டி, வாயில் ஒரு குழாயை வைப்பார்கள். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே ஊதாக ஊதி, விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விட்டுடாதீங்க, இன்னும்" என்று அவள் பக்கத்தில் நின்று கத்துவாள். எனக்கு எப்போதும் அவள் கத்தி முடிப்பதற்கு வெகுமுன்னாலேயே காற்று தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் அவள் கத்துவாள். மூன்று தடவை செய்ய வேண்டும்.

முதல் தடவை ஊதும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆர்விட் கண்ணை மூடி, தலையைச் சாய்த்திருந்தார். இந்த மனுஷன் இங்கே வந்தும் தூங்குகிறாரே என்று எரிச்சலாக வந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே இருந்தார். மூன்றாவது முடிந்து நான் மூச்சிரைத்துக்கொண்டு திரும்பியபோது, கண்ணைத் திறந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் வழக்கமாக ஒரு கடையில் நிறுத்தி ஆளுக்கொரு பாஸ்டி வாங்கித் தின்போம். மாவுக்குள் கறியும் கிழங்கும் வைத்து மூடிச் சுட்டது, சுடச்சுட இருக்கும். அதற்காகவே நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று ஐலா கேலி செய்வாள். அன்றைக்குக் கடையைத் தாண்டி நேராக ஓட்டிக்கொண்டு போனார். "யோவ் கிழவா, கடை போச்சு" என்றேன். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. ஏதோ என்மேல் கோபம் போலிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தார்.

"டாக்டர் வெர்ஹாகனா? ஆர்விட் சாரெலா பேசறேன். ஆமா, அந்தக் கிடார்க்காரன்தான்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல, அன்னைக்கு நான் பேசினது தப்பு. மிச்சம் பதினாலு இருக்கு. எல்லாத்தையும் எடுத்துக்கறீங்களா? விலை நீங்க சொல்றதுதான். இந்த வாரமே வரணும், அதான் ஒரே கண்டிஷன்." பிறகு, "வேண்டாம், வேண்டாம். வாசிச்சுக் காட்டவெல்லாம் வேண்டாம்" என்றார்.

நான் ஸ்டவ் பக்கம் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒருவழியாக நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. அன்றைக்கு முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தேன் என்று சொன்னால் யாரும் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை டாக்டர் ஒரு பெரிய வேனில் வந்தார். வேன் முழுக்கக் கம்பளிகள், ஒவ்வொரு கிடாருக்கும் அளவாக வெட்டிய அட்டைப் பெட்டிகள். ஆகஸ்டில் ஒரே தடவை பார்த்ததை வைத்து அளவு எடுத்திருக்கிறார். எனக்கென்று ஒரு பாட்டில் செர்ரி ஜாம் கொண்டுவந்திருந்தார். எங்கள் இருவரையும் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. ஆனா நான் அன்னைலேருந்து ஒரு டீச்சர்கிட்ட கத்துக்கிட்டு வர்றேன். வாசிக்காம எடுத்துட்டுப் போனா, திருடிட்டுப் போற மாதிரி இருக்கும். ஒரே ஒரு பாட்டு, கேக்கறீங்களா?"

ஆர்விட் நாற்காலியை இழுத்துப் போட்டார். டாக்டர் மூன்று கைக்காரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு பழைய வால்ட்ஸ் நடன மெட்டை வாசித்தார். மெதுவாக, நெற்றியில் வியர்வையோடு, அந்தக் குளிரில். ரெண்டு இடத்தில் தப்பாகத் தொட்டார். ஓரிடத்தில் நின்று, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். ஆனால் முடித்துவிட்டார். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கப் பயந்து, கிடாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்துச்சு" என்றார் ஆர்விட்.

நான் திடுக்கிட்டுப் போனேன். கிடார் விஷயத்தில் அவர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டதே இல்லை. சொந்தத் தம்பியின் சாவில் பாஸ்டரின் மருமகள் வாசித்ததற்கே, காபி கொடுக்கும்போது, "சுருதி சேத்துட்டு வந்திருக்கலாம்மா" என்று சொன்ன ஆள் அவர். டாக்டர் முகம் மலர்ந்துபோயிற்று.

பிறகு ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஆர்விட் ஒவ்வொரு கிடாரின் தந்தியையும் தளர்த்தி, துணியால் துடைத்து, டாக்டர் கையில் கொடுத்தார். இது எப்போது எங்கே வாங்கினது, இதற்கு எந்தப் பக்கம் வீக், இதைச் சாய்த்து வைக்கக் கூடாது என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். மரம்வெட்டியின் அலமாரிக் கிடாரைக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் நேரமாயிற்று. பகல் சாப்பாட்டுக்குள் வேன் நிறைந்துவிட்டது. சுவரில் கிடார் வடிவத்தில் வெளுத்த தடங்கள்தான் மிச்சம்.

வண்டியில் ஏறப் போன டாக்டர் திரும்பி வந்து ஆர்விட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். கிடார்க்காரர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நல்ல கிடாரை விற்கிறவன், 'நீ எப்போதாவது இதை விற்பதாக இருந்தால் முதல் போன் எனக்கு' என்று வாங்குகிறவனிடம் வாக்கு வாங்கிக்கொள்வான். எழுத்தில் எதுவும் கிடையாது, கைகுலுக்கல்தான். ஆனால் அதை மீறினவனைக் கூட்டத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். மாவிஸ் தொடங்கி, வாங்கிக்கொண்டு போன ஒருவரையும் அந்த வாக்கு இல்லாமல் ஆர்விட் வாசல் தாண்ட விடவில்லை.

"நீங்க கேக்கல, நானே சொல்றேன், மிஸ்டர் சாரெலா. எப்பவாவது விக்கிற நிலைமை வந்தா, முதல் போன் உங்களுக்குத்தான். அம்மா உடம்பு சரியானதும் நீங்களே திரும்ப எடுத்துக்கறேன்னாலும் சரி, அதே விலைக்குத் தர்றேன்."

ஆர்விட் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"வேண்டாம் டாக்டர். என்னக் கூப்பிடாதீங்க."

வேன் போனது. அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அதுவரை என் வியாதி எனக்கு ஒரு வழக்கு மாதிரி இருந்தது, அதை வைத்து நான் அவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். ஜெயிக்க வேண்டும் என்பதுதான் நினைப்பு. நான் தேறி அவளுகள் திரும்பி வருகிற நாள் வராது என்று இந்த மனுஷன் முதல் போனையே வேண்டாம் என்கிறார் என்றால், என்னைப் பற்றி எனக்குத் தெரியாத எதுவோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது.

"டாக்டரம்மா உன்கிட்ட தனியா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"பொய் சொல்லாத. இன்னைக்கு ஒண்ணு சொல்லிட்ட, அது போதும்."

"சத்தியமா யாரும் ஒண்ணும் சொல்லல, தைமி." அவர் என் பக்கம் திரும்பவில்லை. "அந்த ரூம்ல நீ ஊதினது என் காதுல விழுந்துச்சு. ஒரு தந்தி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டவன். குப்பையில கெடந்து எடுத்த கிடார்கூட அத விட அதிக நேரம் நிக்கும்."

அவர் தோள் குலுங்கியது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் கிட்டப் போய் அந்த வேட்டைக் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் நிப்பேன், கிழவா. பயப்படாத, நான் நல்லா" என்று ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினேன். அவர் என் முதுகில் கையை வைத்தபடி, கண்ணை மூடாமல், அது நிற்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.